பண்டுவுக்கு ஊசி போட்ட மாதங்கள்

பண்டுவின் நோயை முதலில் கண்டுபிடித்தது மருத்துவர் அல்ல, நானும் அல்ல. குவைத்தில் ஒரு வீட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி கஸ்தூரிதான் கண்டுபிடித்தாள். அதுவும் செல்போன் திரையில் பார்த்து.

நாங்கள் ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரிக்காரர்கள். வீட்டை ஒட்டிய கொட்டகையில் விசைத்தறி வைத்து லுங்கியும் பாவாடைத் துணியும் ஓட்டுகிறோம். மகள் திவ்யா திருப்பதியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவள் படிப்பை முன்னிட்டுத்தான் கஸ்தூரி குவைத்துக்குப் போனாள். அவள் போன பிறகு வீட்டில் மிஞ்சியது நானும் பண்டுவும்தான். பண்டு ஆரஞ்சு நிறப் பூனை. தெலுங்கில் பண்டு என்றால் பழம். எங்கள் பக்கத்தில் செல்லமாக வளரும் குழந்தைகளை அப்படிக் கூப்பிடுவார்கள். தறிக்கொட்டகையில் நூல் மூட்டைகளுக்கு நடுவே பிறந்து, தாயை இழந்து, கஸ்தூரி பஞ்சில் பால் நனைத்து ஊட்டி வளர்த்த குட்டி. என்னை அது வீட்டில் குடியிருக்கும் இன்னொரு ஆள் என்றுதான் நினைத்திருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் கஸ்தூரிக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். வீடியோவில் கூப்பிடுவாள். என்னோடு பேசி முடித்ததும் போனைப் பண்டு பக்கம் திருப்பச் சொல்வாள். அன்றைக்கும் திருப்பினேன்.

"மாமா, அது ஏன் முயல் மாதிரி நடக்குது?"

"எங்க? நல்லாத்தான் நடக்குது."

"நல்லா பாரு. பின்னங்கால் குதிகாலு தரையில படுது. பூன விரல ஊனித்தானே நடக்கும்? இளச்சும் போய்கீது. தண்ணி நெறய குடிக்குதா?"

குடித்தது. கிண்ணத்துத் தண்ணீர் போதாமல், தறி ஓட்டுகிறவர்கள் கைகழுவும் வாளிக்குள்ளும் தலையை விட்டுக் குடித்துக்கொண்டிருந்தது. வெயில் காலம்தானே என்று விட்டுவிட்டேன். மணல் தட்டை அள்ளிக் கொட்டும்போதெல்லாம் கனமாக இருந்ததையும் நான் யோசிக்கவில்லை.

"அதுக்கும் வயசாகுது கஸ்தூரி. பூன பூனதானே?" என்றேன்.

"நான் இங்க யாரோ பெத்த கொழந்தைக்கு ஜுரம்னா கூடவே உக்காந்துகினு கெடக்கறேன் மாமா. எம் பண்டுவ நீ ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போகமாட்டியா?"



மறுநாள் நகரியில் மாடு, ஆடுகளுக்கு வைத்தியம் பார்க்கும் இடத்தில் காட்டினேன். அவர்கள் பண்டுவைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இதற்கு ரத்தப் பரிசோதனை தேவைப்படும், திருப்பதிக்குப் போங்கள் என்றார்கள். மூடி போட்ட பிளாஸ்டிக் கூடையில் பழைய துண்டை விரித்து அதை உட்கார வைத்துப் பஸ் ஏறினேன். புத்தூர் வரைக்கும் கத்தியது. வடமாலபேட்டை தாண்டும்போது குரல் கம்மிவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கூடைக்குள் விரலை விட்டேன். மூக்கால் ஒருமுறை தொட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டது.

திருப்பதி பஸ் நிலையத்தில் திவ்யா காத்திருந்தாள். வீட்டில் வளர்க்கும் நாய், பூனைகளுக்கென்றே இருந்த ஒரு தனியார் மருத்துவமனையை விசாரித்து வைத்திருந்தாள். காத்திருக்கும் அறையில் பெரிய பெரிய நாய்கள், ஒரு கூண்டுக்கிளி, நாங்கள். கன்றுக்குட்டி அளவு நாயைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் என் கூடையை எட்டிப் பார்த்து, எந்த ஊர் என்று விசாரித்துவிட்டு, "பில்லி கோசமா அந்த தூரம் நுஞ்சி ஒச்சாரு?" என்று கேட்டார். பூனைக்காகவா அவ்வளவு தூரத்திலிருந்து வந்தீர்கள் என்கிறார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்து எனக்கு முகம் சுருங்கியது. அவர் எழுந்து, மின்விசிறிக்குக் கீழே இருந்த தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு, நாயை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றார். நாயைப் பார்த்தால் பூனை பயப்படுமாம்.

மருத்துவர் ஓர் இளம்பெண். தெலுங்குக்காரர். நகரி என்றதும் தமிழுக்கு மாறினார். பண்டுவின் காது ஓரத்தில் ஊசியால் லேசாகக் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, மனிதர்களுக்குச் சர்க்கரை பார்க்கும் கருவி போன்ற ஒன்றில் வைத்தார். எண்ணைப் பார்த்துவிட்டு, "ஷுகர் மாதிரிதான் தெரியுது அண்ணா. ஆனா இதை மட்டும் வச்சு முடிவு பண்ணமாட்டேன். பூனைங்க பயந்தாலே ஷுகர் ஏறிடும்" என்றார்.

அதற்கென்று தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. கடந்த சில வாரங்களாக உடம்பில் சர்க்கரை எப்படி இருந்தது என்பதை அது காட்டும். பயத்தால் அது மாறாது. அதையும், சிறுநீரையும், மற்றவற்றையும் பார்த்துவிட்டு அவர் எங்களை உள்ளே கூப்பிட்டபோது, முகத்திலேயே ஏதோ இருந்தது.

"கங்காரு படாதீங்க" என்றுதான் தொடங்கினார். பதறாதீர்கள் என்பதைத் தெலுங்கில் அப்படித்தான் சொல்வார்கள். ரெண்டு வியாதி என்றார். ஒன்று சர்க்கரை. பின்னங்கால் நரம்புகளை அது தளர்த்திவிட்டதால்தான் குதிகால் தரையில் படுகிறது. அதற்கு இன்சுலின் போட்டால் கட்டுக்கு வரும். இன்னொன்று சிறுநீரகம். ரத்தத்தில் சேரும் கழிவைப் பிரித்து வெளியே அனுப்புவது அதன் வேலை. அந்தக் கழிவில் கிரியாட்டினின் என்று ஒன்று. அது எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்த்தால் சிறுநீரகம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று தெரியும். பண்டுவுக்கு மிக அதிகமாகத் தேங்கியிருந்தது.

"கெட்டுப்போன பாகம் திரும்பி வராது அண்ணா. மிச்சம் இருக்கறதைப் பத்திரமா பாத்துக்கலாம். அவ்ளோதான் நம்மால முடியும்."

"எம் பொண்டாட்டி குவைத்துல கீறா மேடம். ரம்ஜான் முடிஞ்சப்புறம்தான் லீவு. அது வரைக்கும் தாங்குமா?"

அவர் பண்டுவின் முதுகுத் தோலைக் கிள்ளி விட்டார். தோல் கூடாரம் போல அப்படியே நின்று, மெதுவாகத்தான் இறங்கியது. உடம்பில் நீர் இல்லை என்பதற்கு அது அடையாளம். "தேதி பார்த்து என்னால சொல்ல முடியாது. சாப்பிட்டா நாள் கிடைக்கும். சாப்பிடலைன்னா எந்த மருந்தும் நிக்காது. இப்போ சில நாள் இங்க விடுங்க, டிரிப் ஏத்தணும்."

திவ்யாதான் அழுதாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

அந்த நாட்களில் காலையில் தறியைத் தொழிலாளிகளிடம் விட்டுவிட்டுத் திருப்பதிக்குப் போவேன். மாலையில் திரும்புவேன். பண்டு ஒரு கம்பிக்கூண்டில், முன்னங்காலில் ஊசி வைத்துக் கட்டுப்போட்ட நிலையில், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கும். வாயைத் திறந்தால் ஒரு நாற்றம் வரும். கழிவு ரத்தத்தில் ஏறினால் அப்படித்தானாம், குமட்டலும் இருக்குமாம். குமட்டலுக்கு ஊசி போட்டார்கள். ஆனாலும் அது எதையும் தின்னவில்லை. விலை உயர்ந்த டப்பா உணவு வைத்தார்கள், முகர்ந்து பார்க்கவில்லை. திவ்யா விடுதியிலிருந்து முட்டை வேகவைத்துக் கொண்டுவந்தாள், அதையும் தொடவில்லை. அது சாப்பிடாததால் இன்சுலினையும் முழு அளவில் போட முடியவில்லை. வெறும் வயிற்றில் இன்சுலின் போனால் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

"எதுக்குமே அசைய மாட்டேங்குது" என்று கஸ்தூரியிடம் போனில் சொன்னேன். அன்று வெள்ளிக்கிழமை அல்ல. அவள் சமையலறையில் ஒளிந்துகொண்டு மெல்லப் பேசினாள்.

"அங்க சத்தம் எப்பிடிகீது மாமா?"

"சத்தமே இல்ல. ஏசி போட்டு, கதவெல்லாம் சாத்திகினு, நல்லா அமைதியாத்தான் வச்சிகீறாங்க."

"அதாலதான். அது பொறந்ததுலருந்து தறி ஓடிக்கினே இருக்கும். தறி நின்னா அதுக்குத் தூக்கமே வராது. கரண்டு போனா எழுந்து வந்து என் மூஞ்சியப் பாக்கும்."

மறுநாள் புறப்படும் முன் கொட்டகை நடுவில் நின்று, எல்லாத் தறிகளும் ஓடும்போது போனில் ஒலியைப் பதிவு செய்தேன். மருத்துவமனையில் அதைப் போட்டபோது உள்ளே வந்த மருத்துவர் காதைப் பொத்திக்கொண்டார். மற்ற கூண்டுகளில் இருந்த பிராணிகளுக்குத் தொந்தரவாகுமே என்று நானே ஒலியைக் குறைத்து, போனைக் கம்பி ஓரமாக வைத்தேன். பண்டுவின் காதுகள் முதலில் திரும்பின. பிறகு தலை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து, போன்மேல் கன்னத்தைத் தேய்த்துவிட்டு, உப்பில்லாமல் வேகவைத்த கோழியில் ஒரு துண்டைத் தின்றது. பிறகு இன்னொன்று.

"துன்னுது! நைனா, துன்னுது!" என்று திவ்யா கத்தியதில் அடுத்த அறையில் ஒரு நாய் குரைத்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் எனக்குப் பாடம் நடத்தினார். காலையும் மாலையும் முதலில் சாப்பாடு, பிறகு இன்சுலின். தோள்பட்டைக்கு நடுவே தோலைத் தூக்கினால் ஒரு குழி விழும், அதில் ஊசி. ஊசி முடி போல மெல்லியது, பூனைக்கு அவ்வளவாக வலிக்காது. வலித்ததெல்லாம் எனக்குத்தான். கை நடுங்கி முதல் ஊசியை என் கட்டைவிரலிலேயே குத்திக்கொண்டேன்.

அடுத்து, தோலுக்கடியில் உப்புநீர். நரம்பில் ஏற்ற வேண்டியதில்லை. தோலுக்கும் தசைக்கும் நடுவே ஏற்றினால் ஒரு பக்கம் பை மாதிரித் தொங்கும், கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு அதை உறிஞ்சிக்கொள்ளும். திவ்யாவுக்குத் தூளி கட்டிய கொக்கியில் பாட்டிலைத் தொங்கவிட்டு, பண்டுவை மடியில் அழுத்திப் பிடித்துக்கொள்வேன். இத்தனை வருடம் என் மடிக்கு வராத பூனை, வேறு வழியில்லாமல் அங்கே உட்கார்ந்திருந்தது. முடிந்ததும் ஒரு பக்கம் வீங்கிய தோளோடு, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தவள் போல ஆடி ஆடிப் போகும்.

சாப்பாட்டில் ஒரு சிக்கல். சர்க்கரைக்கு மாவுப்பொருள் ஆகாது, கறிதான் நல்லது. சிறுநீரகத்துக்குக் கறி அதிகமானால் ஆகாது. நான் குழம்பிப்போய்க் கேட்டபோது மருத்துவர், "அது எதைச் சாப்பிடுதோ அதைப் போடுங்க அண்ணா. பட்டினிதான் ரெண்டுக்கும் எதிரி" என்றார். இந்த நோயோடு பூனை வைத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த ஒரு வார்த்தையை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதுதான் பெரிய நிம்மதியைக் கொடுத்தது.

பக்கத்து வீட்டில் இருக்கும் என் அக்கா செல்விக்கு இதெல்லாம் வேடிக்கை. "மனுசனுக்கே இந்த வைத்தியம் கெடைக்கல, பூனைக்கு டிரிப்பு ஏத்திகினு கீறான் பாரு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள். ஆனால் கோழி வாங்கினால் ஈரலை மட்டும் எடுத்து வைத்து, கிண்ணத்தில் மூடிக் கொண்டுவருவாள். ஊசி போடும்போது வாசற்படியில் நின்று பார்ப்பாள். பார்க்காதது போலப் பார்ப்பாள்.

இன்சுலின் போடத் தொடங்கிய பிறகு தண்ணீர் குடிப்பது குறைந்தது. குதிகால் கொஞ்சம் மேலே எழுந்தது. ஒருநாள் ஜன்னலில் தாவி ஏறிவிட்டது. கஸ்தூரியிடம் காட்டினேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நன்றாக இருக்கிறது என்று நான் நினைத்த சமயத்தில்தான் அது நடந்தது. சாயப்பட்டறையில் நூல் எடுக்கப் போயிருந்தேன். மதியம் அக்கா போன் செய்தாள். குரலே மாறியிருந்தது.

"ஏகாம்பரம், உம் பூன குடிச்சவன் மாதிரி தள்ளாடிக்கினு வந்து வுழுந்துச்சுடா. ஒடம்பெல்லாம் ஒதறுது."

"அக்கா, அலமாரியில குளுகோஸ்..."

"தடவிட்டேன். தண்ணில கொழச்சி ஈறுல தடவிக்கினு கீறேன். டாக்டரம்மா சொன்னத நீ கஸ்தூரிகிட்ட போன்ல சொன்னியே, நான் கேட்டுகினுதான் இருந்தேன். நீ சீக்கிரம் வா."

நான் வந்தபோது அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையில் சுருட்டிய பண்டு அவள் மடியில் கிடந்தது. கையெல்லாம் குளுகோஸ் பிசுபிசுப்பு, விரலில் பல் பட்ட காயம். நடுக்கம் நின்றிருந்தது. "கடிச்சிடுச்சு சனியன்" என்றாள். ஆனாலும் கீழே விடவில்லை.

அன்று மாலையே திருப்பதிக்கு ஓடினோம். சர்க்கரை மிகவும் இறங்கியதால் வந்த நடுக்கம் என்று சொல்லி, மருத்துவர் காரணத்தை விளக்கினார். உடம்பில் போன இன்சுலினை வெளியேற்றும் வேலையிலும் சிறுநீரகத்துக்குப் பங்கு உண்டு. சிறுநீரகம் இன்னும் கெட்டுக்கொண்டே வருவதால் இன்சுலின் நெடுநேரம் தங்கிவிடுகிறது. நேற்று வரைக்கும் சரியாக இருந்த அளவே இன்று அதிகமாகிவிட்டது. நான் தப்பாக எதுவும் போடவில்லை என்று அவரே இரண்டு தடவை சொன்னார். அளவைக் குறைத்தார். அளவு குறைந்ததில் நல்ல செய்தி எதுவும் இல்லை என்பது எனக்குப் புரிந்தது.

ரம்ஜான் முடிந்தது. கஸ்தூரி வந்தாள்.

சென்னை விமான நிலையத்திலிருந்து வீடு வரும்வரை அவள் பண்டுவைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தாள். கதவைத் திறந்ததும் "பண்டு" என்றாள். கட்டிலுக்கடியில் இருந்த பூனை வெளியே வரவில்லை. அவள் புடவையில் வேறு ஏதோ வாசனை. அவள் முகம் வாடிப்போனதைப் பார்த்து அக்காவே, "போய்க் குளிச்சிட்டு வா. அந்த ஊரு சோப்பு வாசன போவட்டும்" என்றாள். கஸ்தூரி குளித்து, பீரோவில் இருந்த பழைய புடவையைக் கட்டிக்கொண்டு, தரையில் படுத்தாள். பேசவில்லை, கூப்பிடவில்லை. சாயங்காலத்துக்குள் பண்டு அவள் வயிற்றோரம் வந்து ஒட்டிக்கொண்டது. அப்போது அதன் எலும்புகளை அவள் கை ஒவ்வொன்றாகத் தடவியதை நான் பார்த்தேன். வீடியோவில் எடை தெரிவதில்லை.

அவள் இருந்த வாரங்களில் ஊசி போட அவளும் கற்றுக்கொண்டாள். அப்படி ஒரு காலையில் பண்டு கோழியை முகர்ந்துவிட்டு விலகிப்போனது. ஈரலைத் தொடவில்லை. தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. திருப்பதியில் பரிசோதித்ததில் கிரியாட்டினின் முன்பைவிடவும் மேலே போயிருந்தது. மீண்டும் சேர்த்து டிரிப் ஏற்றலாம், கொஞ்ச நாள் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்றார் மருத்துவர்.

"சேத்துக்குங்க மேடம்" என்றேன் நான்.

"வாணாம்" என்றாள் கஸ்தூரி.

அவள் சொன்னதை என்னால் நம்ப முடியவில்லை. வராந்தாவில் வைத்து நான் சத்தம் போட்டேன். "நீதானே கஸ்தூரி இட்டுகினு போன்னு சொன்ன? இத்தன மாசமா நான் இன்னாத்துக்குப் போராடிக்கினு இருந்தேன்? இப்ப வந்து வாணாம்னா இன்னா அர்த்தம்?"

"நான் வர வரைக்கும் புடிச்சு வச்சிருந்த மாமா. நான் வந்துட்டேன். அது என்னப் பாத்துடுச்சு, நானும் பாத்துட்டேன்." அவள் குரல் உயரவில்லை. "அந்தக் கூண்டுல நான் அத வுட மாட்டேன். தெரியாத எடத்துல ஒத்தையா படுத்துகினு கெடக்கறது எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். முதல்நாள் பூனை பூனைதானே என்று சொன்னவன் நான். இப்போது விட முடியாமல் நிற்பவனும் நானே.

மருத்துவர் எங்களை அவசரப்படுத்தவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோங்கள், குமட்டல் மருந்து மட்டும் கொடுங்கள், சர்க்கரை பார்க்கக் காதில் குத்த வேண்டாம், வாயருகில் தண்ணீர் வையுங்கள் என்றார். மிகவும் கஷ்டப்பட்டால் கூப்பிடுங்கள், வலியில்லாமல் தூங்கவைக்க ஓர் ஊசி இருக்கிறது, அதற்கு நானே நகரிக்கு வருகிறேன் என்றார். அவர் வர வேண்டியிருக்கவில்லை. திவ்யா விடுப்பு எடுத்து வந்து ஒருநாள் முழுக்கப் பண்டுவோடு இருந்தாள். அக்கா வந்து, ஏதோ கோபம் போல அதன் நெற்றியைத் தேய்த்துவிட்டுப் போனாள். அதற்கடுத்த காலை, மொட்டைமாடி வெயிலில் கஸ்தூரி தலை காயவைத்துக்கொண்டிருந்தபோது, அவள் மடியில் கிடந்த பண்டு ஒரு பெருமூச்சு விட்டது. நான் காபியோடு படியேறி வந்தேன். அவள் விரலை உதட்டில் வைத்துச் சத்தம் வேண்டாம் என்று காட்டினாள். தூங்குகிறது என்று நினைத்து நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அது தூங்கவில்லை என்று அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. காபி ஆறிப்போகும் வரைக்கும் எனக்கு அவகாசம் கொடுத்தாள்.

கொல்லைப்புறத்தில் கருவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் புதைத்தோம். மீதமிருந்த இன்சுலினையும் ஊசிகளையும் திருப்பதிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சில நாள் கழித்து ராமகுப்பத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். மருத்துவர்தான் என்னிடம் கேட்டுவிட்டு எண்ணைக் கொடுத்திருந்தார். அவர் பூனைக்கும் சர்க்கரையாம். கை நடுங்குகிறது என்றார். எனக்கும் அப்படித்தான் நடுங்கியது என்றேன். நெடுநேரம் பேசினோம். நான் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த திவ்யாதான், "இத எழுதி வை நைனா" என்றாள்.

கஸ்தூரிக்கு விடுப்பு முடிந்தது. அவளை வாடகைக் காரில் சென்னைக்கு அழைத்துக்கொண்டு போனேன். நகரி எல்லை தாண்டும் வரைக்கும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தவள், திடீரென்று திரும்பிக் கேட்டாள்.

"எனக்கு ஒடம்புக்கு வந்தா இப்பிடி பாத்துக்குவியா மாமா?"

"கழுத்தப் புடிச்சு அழுத்திகினு ஊசி போடறது வரைக்கும் எனக்குத் தெரியும். நீ கடிக்காம இருந்தா சரி."

கைப்பையால் என் முழங்கையில் ஓங்கி ஓர் அடி விழுந்தது. டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்தார். கஸ்தூரி திருத்தணி வரும்வரை விட்டு விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாள். திருத்தணி தாண்டியதும் அழத் தொடங்கினாள். அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். விமான நிலையம் வரைக்கும் அது அங்கேயே இருந்தது.